வாசனை இல்லாத கிரீம்

குங்குமப்பூ கிரீம் என்று சொல்லி அந்தப் பெண் மைமூனின் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்துவிட்டாள். மைமூன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. பொறு, அவசரப்படாதே என்று மூக்குக்குச் சமாதானம் சொன்னாள். குங்குமப்பூ சாதுவான சரக்கு, வெதுவெதுப்பான பாலில் ஊறினால்தான் வாயைத் திறக்கும், இந்தக் குளிர்ந்த களிம்புக்குள் கிடந்து அது என்ன செய்யும் பாவம். இன்னொரு தரம் ஆழ இழுத்தாள். ஜவுளிக்கடையின் ஏ.சி. காற்று உள்ளே போய் வெளியே வந்தது, கூட எதையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. "ஸ்மெல் எப்படி இருக்கு மேடம்?" என்றாள் பெண். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பிரிசில்லா என்று போட்டிருந்தது. "ஜம்முனு இருக்கும்மா" என்றாள் மைமூன். போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவள் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து இந்தப் பொய் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வீட்டில் பிரியாணிக்குத் தம் உடைத்ததும் எல்லோரும் ஆஹா என்பார்கள், அவளும் ஒரு நொடி பிந்தாமல் ஆஹா என்பாள். புருஷன் சிக்கந்தருக்குத் தெரியாது. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குத் தெரியாது. எல்லோரையும்விட, இந்த நேரம் மூன்றாவது மாடியில் பெருநாள் சேலை புரட்டிக்கொண்டிருக்கும் மதினி சஹர்பானுவுக்குத் தெரியவே தெரியாது. சிக்கந்தரின் அக்கா அவள். சேலைக்கடைக்குப் போனால் அலமாரியைக் காலி செய்ய வைத்துவிட்டு ஒன்றுமே மனசுக்குப் பிடிக்கவில்லை என்று இறங்கி வருகிறவள். "முட்டி வலிக்குது மதினி, நீங்க பாத்துட்டு வாங்க, நான் கீழயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மைமூன் நேரே இந்த அழகு சாமான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. மதினி இறங்குவதற்குள் ஒரே ஒரு வாசனையாவது வந்துவிட வேண்டும். வராவிட்டால் இன்றைக்கே அவளிடம் சொல்லி அண்டாவை ஒப்படைத்துவிடுவது. அப்படித் தீர்மானம் செய்துகொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள்.

அண்டா என்றால் நோன்புக் கஞ்சி அண்டா. மாமியார் மௌத்தான வருஷத்திலிருந்து அது மைமூன் கையில் இருக்கிறது. நோன்பு மாதம் முழுக்க அந்தத் தெருவில் பாதி வீட்டுத் தூக்குவாளிகள் அதிலிருந்துதான் நிரம்பும். காய்ச்சுகிறவளுக்கும் நோன்பு, சுற்றி நிற்கிறவர்களுக்கும் நோன்பு, உப்புப் பார்க்க ஒரு வாய் கிடையாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் அந்தத் தெருப் பெண்கள் ஹஜ்ரத்தைவிட ஒரு பிடி கூடுதலாக அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள். ஆகையால் மூக்குதான். பூண்டில் பச்சை வாடை போய்விட்டதா, வெந்தயம் தூக்கலாகிவிட்டதா, தேங்காய்ப்பால் திரியப் பார்க்கிறதா, அடியில் எங்கோ ஒரு மூலையில் பருப்பு கருகத் தொடங்குகிறதா, எல்லாம் ஆவி முகத்தில் அடித்ததுமே மைமூனுக்குத் தெரிந்துவிடும். உப்புக்கு ஏது வாசனை என்று கேட்கிறவர்கள் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. உப்புக் குறைந்த கஞ்சி சோம்பலாக மணக்கும் என்பாள், ஒரு கை அள்ளிப் போடுவாள், சரியாகப் போய்விடும். இப்போது? காய்ச்சல் போன பிறகு இத்தனை மாதம் நாக்கை வைத்துச் சமாளித்தாள். பிரியாணியில் உப்புத் தெரிந்தது, உறைப்புத் தெரிந்தது, பிரியாணி தெரியவில்லை. நோன்பு பிறந்தால் அந்த நாக்குக்கும் பூட்டு. ஒரு நாள் அடிப்பிடித்து, பகலெல்லாம் பட்டினி கிடந்த சனங்கள் பேரீச்சம்பழம் கடித்த வாயோடு முதல் மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தால்? யோசனை எங்கே சுற்றினாலும் இந்த முதல் மடக்கில் வந்துதான் முட்டியது, அதற்குமேல் நகரவில்லை. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள், பேசாமல் குடித்து வைப்பார்கள், திட்டுவதைவிட அது கேவலம். செண்டுக் கடைகளில் போய் மோந்து பார்த்தாகிவிட்டது. செண்டு மூக்கில் எரிந்தது. வீட்டில் கிராம்பு சுட்டது, புதினா ஜில்லென்றது, வெங்காயம் கண்ணீர் வரவழைத்தது. அதெல்லாம் உறுத்தல், வாசனை அல்ல, உறுத்தலை வாசனை என்று நம்பிச் சந்தோஷப்பட்டுப் பலமுறை ஏமாந்தாகிவிட்டது. கிரீம் எரியாது, சுடாது, அதில் ஒன்று வந்தால் அது வாசனையாகத்தான் இருக்க வேண்டும். அதோடு மளிகைக் கடையில் நின்று மல்லியை மோந்துகொண்டே இருந்தால் என்ன என்று கேட்பார்கள். கிரீம் கடையில் ஒரு பொம்பளை வரிசையாக மோந்து பார்த்தால் ஸ்டூல் போட்டு உட்காரவைக்கிறார்கள்.

"மேடத்துக்கு இந்த எடத்துல லேசா மங்கு இருக்கு" என்று பிரிசில்லா தன் கன்னத்தையே தொட்டுக் காட்டினாள். அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்கு மங்கு பூக்காமல் மல்லிகையா பூக்கும். "இது விட்டமின் சி மேடம், ஆரஞ்சு. நல்லா பளிச்சுனு ஆக்கும்." குங்குமப்பூவுக்குப் பக்கத்தில் இரண்டாவது பொட்டு விழுந்தது. கமலாப்பழம் என்றதும் மகள் சின்னப்பிள்ளையில் தோலை மடித்து அவள் கண்ணில் பிழிந்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வது ஞாபகம் வந்தது, அந்தக் காரமும் புளிப்புமான மணம்கூட ஞாபகத்தில் அப்படியே பிசகாமல் வந்தது, ஆனால் கையிலிருந்து வரவில்லை. ஞாபகத்தில் வருவது எதற்கு ஆகும். மோந்தாள், மறுபடி மோந்தாள், இடது மூக்கு, வலது மூக்கு என்று தனித்தனியாகப் பார்த்தாள். பிரிசில்லாவுக்குக் குஷி, இப்படி ஊன்றிக் கவனிக்கிற வாடிக்கையாளர் அவளுக்கு வாய்த்திருக்கமாட்டார்கள். மேலே பார்த்தாள் மைமூன், நகரும் படிக்கட்டில் யார் யாரோ இறங்கினார்கள், மதினி இல்லை. எப்படிச் சொல்வது? மதினி, என் மூக்கு செத்துப்போச்சு. சீ, மௌத்துச் சேதி மாதிரி இருக்கிறது. மதினி, இந்த வருஷம் கஞ்சியை நீங்க பாத்துக்குங்களேன். ஏன் என்பாள். முடியல மதினி. என்ன முடியல என்பாள், மதினியிடம் ஒரு ஏன் என்னவோடு தப்பிக்க முடியாது. பிறகு அந்த இனிக்கிற குரலில், நீ செத்த ரெஸ்ட் எடு மைமூனு, எங்கம்மா அண்டாதானே, நான் பாத்துக்கிறேன் என்பாள். எங்கம்மா அண்டா. நோன்புக்கு நோன்பு வந்து அடுப்பு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தீயைக் குறை, தீயைக் கூட்டு என்று அவள் சொல்லும் விதத்திலேயே தெரியும், அந்த அண்டாவின்மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. வாசனையே வந்தாலும் அதை நம்பலாமா என்பது இன்னொரு பயம். ஒருநாள் பட்டப்பகலில் திடீரென்று முடி கருகுகிற நாற்றம் வந்தது. வந்துவிட்டது வந்துவிட்டது என்று ஓடினாள், அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, ஸ்விட்ச் போர்டு என்று வீடு முழுக்க ஓடினாள், சிக்கந்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஒண்ணும் நாறலியே" என்றார். இல்லாததை மூக்கே காய்ச்சி ஊற்றியிருக்கிறது. அது அப்படித்தான் வரும் போகும் என்றார் யாருக்கும் தெரியாமல் அவள் போய்ப் பார்த்த டாக்டர். பொய் சொல்கிற மூக்கை வைத்துக்கொண்டு அவள் கஞ்சி காய்ச்ச முடியாது. எனவே வந்தால் மட்டும் போதாது, இன்னொருவர் மூக்குக்கும் வரவேண்டும்.

"இது கொரியா மேடம். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. ஸ்நெயில்." "அப்படின்னா?" "நத்தை மேடம். அது ஊர்ந்து போகும்போது வழவழன்னு விடும்ல, அதுதான்." மைமூன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஹலாலாம்மா இது?" பிரிசில்லா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது போடலயே மேடம். ஆனா நத்தைக்கு ஒண்ணும் ஆகாதாம், எடுத்துட்டு விட்டுருவாங்களாம்." நத்தையைக் கேட்டுக்கொண்டா எடுத்தார்கள் என்று நினைத்ததும் மைமூனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பிரிசில்லாவும் சிரித்துவிட்டாள், அதற்குப் பிறகு மேடம் போய் அக்கா வந்தது. "அப்ப இது லாவண்டர்க்கா. முகத்துலயே போட்டுப் பாக்கலாம், கொஞ்சம் நிமிருங்க." யாரோ முகத்தைத் தொட்டு எத்தனை காலமாயிற்று. சின்னப்பெண்ணின் விரல்கள் நெற்றியிலிருந்து கன்னத்துக்குக் குளுகுளுவென்று இறங்கின, மைமூன் கண்ணை மூடிக்கொண்டாள், லாவண்டர் என்று ஒன்று இருக்கிறதாம், மூக்குக்கு நேர் கீழேயே இருக்கிறதாம், இருந்துவிட்டுப் போகட்டும். வாசனை போன அன்றைக்கு அது அவளுக்குத் தெரியவே இல்லை. காய்ச்சல் விட்டு எழுந்து சிக்கந்தரின் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் தெரிந்தது. துவைக்கும் முன் காலரை ஒருமுறை மோந்து பார்ப்பது அவளுடைய பழக்கம். கல்யாணமான புதிதில் வந்தது, யாருக்கும் சொன்னதில்லை, அவருக்கே தெரியாது. அத்தரும் வேர்வையும் அவர் கடையில் விற்கிற வயர் சுருளின் ரப்பர் வாடையும் கலந்து ஒன்று வரும், அதுதான் அவர். அன்றைக்குக் காலரில் ஒருவரும் இல்லை. வேறு யாருடைய சட்டையோ மாதிரி இருந்தது. ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவர்கூட வேறு யாரோ மாதிரி இருந்தது. யா அல்லாஹ், கண்ணை எடுத்திருந்தால் ஊர் கூடி அழுதிருக்கும், காதை எடுத்திருந்தால் மிஷின் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், மூக்குக்காக யாரிடம் போய் அழுவது, சொன்னால் சிரிப்பார்கள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து லாவண்டரோடு கலந்தது. "எரியுதாக்கா?" என்று பதறினாள் பிரிசில்லா. "இல்லம்மா, நல்லாயிருக்கு" என்றாள் மைமூன், இந்த முறை பொய் இல்லை, விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. போதும், எழுந்துவிடலாம், மதினியைத் தேடி மேலே போய் எந்த வார்த்தை வாயில் வருகிறதோ அதைச் சொல்லிவிடலாம் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அழுகிற வாடிக்கையாளரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது என்று நினைத்தாளோ என்னவோ, பிரிசில்லா குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தாள். "அக்கா, உங்க ஸ்கின் ரொம்ப சென்சிட்டிவ். உங்களுக்கு இதுதான். இருக்கிறதுலயே காஸ்ட்லி, யாரும் அவ்வளவா வாங்கமாட்டாங்க, நீங்க வாங்கலன்னாலும் பரவால்ல, டெஸ்டர் இருக்கு, போட்டுக் காட்டுறேன்." கனமான கண்ணாடிக் குப்பி, அதற்கு ஒரு குட்டிக் கரண்டி வேறு. விலைச் சீட்டில் போட்டிருந்த காசுக்குக் கொம்பு முளைத்த கிடாவே வாங்கலாம். "இதுல வாசனையே கிடையாதுக்கா. ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ. அதுதான் இதோட ஸ்பெஷலே." மைமூனுக்கு மறுபடி சிரிப்பு வரப்பார்த்தது. தன்னைப் போன்றவளுக்கென்றே செய்தது போலிருக்கிறது, வாசனையில்லாத மூக்குக்கு வாசனையில்லாத கிரீம், ஜாடிக்கேத்த மூடி. கரண்டி நுனியால் பிரிசில்லா ஒரு துளி எடுத்து மணிக்கட்டில் வைத்தாள். மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினாள். என்னமோ இடறியது. எங்கே? கையை இறக்கினாள், போய்விட்டது. தூக்கினாள், வந்தது. தூரத்தில், பூட்டிய வீட்டுக்குள் யாரோ பேசுவதுபோல. மூச்சை விட்டுவிட்டு, வாயை மூடி, மெதுவாக, சட்டியின் மூடியை நீக்குகிற பக்குவத்தில் இழுத்தாள். எண்ணெய். பழைய எண்ணெய். பலகாரம் சுட்டு மிஞ்சியதை மூடாமல் பரணில் வைத்து மறந்து, ஒரு மாதம் கழித்து எடுத்தால் வருமே, தொண்டையைக் காறுகிற அந்தச் சிக்கு வாடை. நாற்றம்! உலகத்தில் இதுவரை மணந்த எல்லா மல்லிகையையும் ஓரம்போ என்கிற நாற்றம்! பொறு, பொறு, முடி கருகிய நாளை மறந்துவிட்டாயா, அன்றைக்கும் இப்படித்தான் குதித்தாய். ஆனால் அது எந்த மூலைக்கு ஓடினாலும் ஒரே மாதிரி இருந்தது, இது தூக்கினால்தான் வருகிறது, இறக்கினால் போகிறது. "ஏம்மா, இது சிக்குப் பிடிச்சுருக்கு" என்றாள். "இல்லக்கா, அதுல வாசனையே கிடையாது, அதான் சொன்னேன்ல." "மோந்து பாரேன்." பிரிசில்லா குப்பியை எடுத்து முகர்ந்தாள், நெற்றியைச் சுருக்கினாள், மறுபடி முகர்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. காலைலேர்ந்து இதையெல்லாம் மோந்து மோந்து என் மூக்கு மரத்துப்போயிருக்கும்." ஒண்ணும் தெரியல. ஒண்ணும் நாறலியே. மறுபடியும் பொய்தானா, காஸ்ட்லியான பொய். கையைத் தூக்கினாள். வந்தது. சத்தியமாக வந்தது. யாரைக் கேட்பது, அதோ காவலாளி நிற்கிறார், அவரிடம் போய் அண்ணே என் கையை மோந்து பாருங்க என்றா சொல்ல முடியும்.

"இங்க உக்காந்து என்னடி பண்ற, மூஞ்சியெல்லாம் மாவு பூசிக்கிட்டு" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது. மதினி. வெறுங்கையோடு இறங்கியிருந்தாள், ஒரு சேலைகூட மனசுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மைமூன் எழுந்தாள். வாய் திறக்கவில்லை. சொன்னால் மதினி யோசிப்பாள், யோசித்தால் ஆமாம் என்றோ இல்லை என்றோ அவளுக்குத் தோன்றியதைச் சொல்லுவாள், கெட்டுப்போய்விடும். மணிக்கட்டை மட்டும் மதினியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். சஹர்பானு, சலாம் கொடுக்க வந்த கை என்று நினைத்ததுபோல அதைப் பிடித்தாள், பிடித்த மாத்திரத்தில் உதறினாள். "சீ! என்னடி இது, சிக்கு நாத்தம் கொடலப் பொரட்டுது! எந்தக் காலத்து எண்ணெய்டி?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சிக்கு நாத்தம். அதே வார்த்தை, தான் எடுத்துக் கொடுக்காத அதே வார்த்தை. மைமூனுக்குக் கடை முழுக்க ஒரே நேரத்தில் விளக்குப் போட்டதுபோல இருந்தது. "நாறுதா மதினி? நெசமா நாறுதா?" "நாறுதாவா? எலி செத்த மாதிரி நாறுது!" "எலி இல்ல மதினி, எண்ணெய்." "எண்ணெய்தாண்டி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் மைமூன், மதினியை இழுத்துக் கட்டிக்கொண்டாள், லாவண்டர் பூசிய கன்னம் மதினியின் கன்னத்தில் அப்பியது. இத்தனை வருஷத்தில் பெருநாளைக்கு அல்லாமல் அவளை ஒருநாளும் கட்டிக்கொண்டதில்லை. கட்டிக்கொண்ட இடத்தில், கழுத்துக்கும் காதுக்கும் நடுவில், மெல்லிசாக, மிக மெல்லிசாக, வேறொன்றும் வந்தது, சீயக்காயா, மருதாணியா, இன்னும் பிடிபடவில்லை, பிடிபடாவிட்டால் என்ன, வழி திறந்துவிட்டது, வருகிறவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். பிரிசில்லாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "சாரிக்கா, டெஸ்டர் பழசாயிருச்சு போல. சீல் ஒடைக்காத புதுசு ஒண்ணு எடுத்துக் காட்டட்டுமா?" "புதுசு வேணாம்மா. நீ அந்தக் கெட்டுப்போனதக் குடு." "அது வெளிய போடுறதுக்கா." "வெளிய போடுறதத்தான் கேக்குறேன்." பிரிசில்லா மதினியைப் பார்த்தாள், மதினி பிரிசில்லாவைப் பார்த்தாள், இருவருக்கும் ஒரே சந்தேகம்தான். மைமூன் காத்திருக்கவில்லை, குட்டிக் கரண்டியால் தானே ஒரு கரண்டி வழித்து இன்னொரு மணிக்கட்டிலும் பூசிக்கொண்டாள், வீடு போகிறவரைக்கும் இருக்கட்டும், ஆட்டோவில் மறுபடி மறுபடி பார்க்கலாம். வாசலை நோக்கி அவள் நடந்த நடைக்கு மதினியால் ஈடுகொடுக்க முடியவில்லை. "முட்டி வலின்ன, இப்ப ஓடுற. உனக்கு என்னடி ஆச்சு இன்னைக்கி?" மைமூன் நின்றாள், திரும்பினாள், இத்தனை நாள் தொண்டையில் கிடந்து அழுகிய பேச்சையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்தி, சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி சொன்னாள்: "மதினி, இந்த நோன்புக்கும் கஞ்சி நான்தான் காய்ச்சுவேன்." சஹர்பானு கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீமை முந்தானையால் துடைத்துக்கொண்டே, புரியாமல் அவளைப் பார்த்தாள். "பின்ன வேற யாருடி காய்ச்சுவா?" என்றாள்.